வாய்க்கொரு முள்

மலையடிவாரக் குளத்தின் கரையில், ஓர் ஈச்சம்புதருக்குள், காட்டுக்கோழி ஒன்று ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

அடைகாக்க இருபத்தொரு நாள் ஆகும். அவசரம் என்று கெஞ்சினாலும் முட்டை கேட்காது. அந்த இருபத்தொரு நாளும் கரை அமைதியாக இருக்க வேண்டும், ஏழு குஞ்சும் உயிரோடு வெளியே வர வேண்டும். கோழிக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

கோடைக் காலம். காட்டில் அந்த ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். ஆனாலும் பெரிய தகராறு எதுவும் வந்ததில்லை, ஏனென்றால் அந்தக் குளத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே எதையும் வாயால்தான் செய்வார்கள்.

தண்ணீருக்கு வருபவர் பாதி வழியிலேயே குரல் கொடுப்பார். "முயல் வர்றேன்!" என்று முயல் கத்தும். "வா, வா, உனக்குன்னு கொஞ்சம் சேறு மிச்சம் வெச்சிருக்கோம்" என்று மறுமொழி வரும். எதிரியைக் கண்டவர் தொண்டை கிழியக் கூவுவார். மற்றவர்கள் ஓடி ஒளிவார்கள். சண்டை வந்தாலும் வாய்ச்சண்டைதான். யாருக்கு முதலில் வார்த்தை தீர்ந்துபோகிறதோ அவர் தோற்றவர். போன கோடையில் மயிலும் முயலும் காலையில் தொடங்கிய சண்டை உச்சிவெயில் வரைக்கும் போயிற்று. கேட்டவர்கள் சிரித்துக் களைத்து, தண்ணீர் குடிக்க மறந்து வீடு திரும்பினார்கள்.

இந்த வழக்கத்தை மதிக்காத ஆள் ஒருவன் இருந்தான். வெருகு என்னும் காட்டுப்பூனை. அடைகாத்தலின் நாலாம் நாள் அது மூங்கில் இடுக்கு வழியாக வந்தது. கவுதாரி ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று.

இறந்தது ஆண் கவுதாரி. அதன் துணை கரையில் உட்கார்ந்து அழுதது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்போது நரி நொண்டிக்கொண்டு வந்தது.

நரிக்கு வயதாகிவிட்டது. பின்னங்கால் ஒன்று சரியில்லை. பல்லும் பாதிதான் இருந்தது. வேட்டையாடி இரண்டு வருடம் ஆகியிருக்கும். அதனால் யாரும் அதைக் கண்டு பயப்படவில்லை. கிழவன் என்று கொஞ்சம் மரியாதைகூடக் கிடைத்தது.

"அழுது என்ன பண்றது?" என்றது நரி. "வெருகுகிட்ட நகம் இருக்கு, பல் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

முயல் தன் முன்னங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

"முள்ளம்பன்றியைப் பாருங்க. வெருகு அவர் பக்கம் திரும்பிப் பார்க்குதா? ஏன் பார்க்கல? முள் இருக்கு. அவர் வளைக்கு முன்னால எத்தனை முள் உதிர்ந்து கிடக்கு தெரியுமா? ஆளுக்கு ஒண்ணு கொண்டுவந்து தர்றேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க நல்லா இருந்தா போதும்."

முள்ளம்பன்றி முள்ளை அம்புபோல எய்யும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பழைய நூல்களில் அதற்கு 'எய்' என்றே ஒரு பெயர் இருக்கிறது. பெயர் வைத்தவர் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்க மாட்டார். முள் எய்யப்படுவதில்லை. நம் தலைமுடிபோலத் தானாக உதிரும், அவ்வளவுதான்.

அந்த முள்ளம்பன்றியும் கூட்டத்தில் இருந்தது. அது தயங்கித் தயங்கிச் சொன்னது: "எனக்கு முதுகுல முளைச்சிருக்கு, வாய் சும்மா இருக்கு. உங்களுக்கு வாயில இல்ல பிடிக்கணும்? அப்புறம் எப்படிப் பேசுவீங்க?"

"உயிர் போற நேரத்துல பேச்சு என்ன மாமா பேச்சு?" என்றது நரி.

எல்லோரும் தலையாட்டினார்கள். கவுதாரிதான் முதலில் முள் வாங்கியது.

மறுநாள் காலையில் கரையில் இருந்த எல்லோர் வாயிலும் ஒரு முள் இருந்தது. முயல் வாயில், மயில் அலகில், சருகுமான் சகோதரர்கள் இருவர் வாயிலும், ஆமை வாயில்கூட. கோழிக்கும் ஒரு முள் வந்தது, அதன் துணையான சேவலுக்கும் ஒன்று. கோழி அதைக் கூட்டுக்குப் பக்கத்தில், அலகுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டது.

"நீங்க மட்டும் வாயிலிருந்து எடுக்கவே எடுக்காதீங்க" என்று நரி மற்றவர்களிடம் சொல்லிவைத்தது. "கீழே வைக்கிற நேரம் பார்த்துத்தான் வெருகு வரும்."

மூன்று நாள் வெருகு வரவில்லை. "பாத்தீங்களா?" என்றது நரி. எல்லோரும் நரியை நன்றியோடு பார்த்தார்கள். வயிறு நிறைந்த வெருகு இரண்டு மூன்று நாள் படுத்துத் தூங்கும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் முள் கிடைத்த சந்தோஷத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

எட்டாம் நாள் வெருகு வந்தது. ஓர் அணிலைப் பிடித்துப் போயிற்று. அணிலின் வாயிலும் முள் இருந்தது.

"பாவம், சின்ன முள்" என்றது நரி. "நீளமா இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்."

அன்றே எல்லோருக்கும் நீளமான முள் வந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு காட்டெலி வேர் தடுக்கி விழுந்தது. அதன் முள்ளே அதன் கழுத்தில் இறங்கியது.

பத்தாம் நாள் சருகுமான் சகோதரர்களுக்குள் ஒரு சண்டை. கீழே விழுந்த ஓர் அத்திப்பழத்துக்காக. போன மாதமாக இருந்தால் "அண்ணன்னு ஒரு மட்டு மரியாதை உண்டா?" என்று ஒருவன் கேட்டிருப்பான். "அண்ணன்னா பழத்தை விட்டுக்குடு" என்று மற்றவன் சொல்லியிருப்பான். அதற்குள் பழத்தை ஆமை தின்றிருக்கும். இப்போது இருவர் வாயிலும் முள். பேச்சே இல்லை. நாலு மூச்சு விடும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. தம்பி எழவில்லை. அண்ணன் அந்தப் பழத்தைத் தொடாமல் காட்டுக்குள் போனான். பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு காடை, துணையை இழந்த கவுதாரியைத் துக்கம் விசாரிக்கப் போயிற்று. போகிற இடத்தில் வாயில் முள் இருந்தால் நன்றாக இருக்காது என்று மரியாதைக்காகக் கீழே வைத்துவிட்டுப் போனது. துக்க வீட்டுக்குப் போகிறோம் என்பதால் குரலும் கொடுக்கவில்லை. புல் அசைந்ததைத்தான் கவுதாரி பார்த்தது. குத்திய பிறகுதான் யார் என்று பார்த்தது.

மூன்று இடத்துக்கும் முதலில் வந்தது நரிதான்.

"நீங்க மனசைத் தேத்திக்குங்க. அடக்கத்தை நான் பார்த்துக்கறேன்" என்றது. உடலைக் கவ்விக்கொண்டு, நொண்டி நொண்டி, பாறைகளுக்குப் பின்னால் போயிற்று. எவ்வளவு பொறுப்பான கிழவன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பதின்மூன்றாம் நாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், கோழியின் புதருக்குப் பக்கத்தில் சருகு நொறுங்கியது. முன்பெல்லாம் இப்படிச் சத்தம் கேட்டால் கோழி "யாரது?" என்று கேட்கும். இப்போது அதன் அலகு கேள்விக்குப் போகவில்லை, முள்ளுக்குப் போயிற்று. புதர் விலகியது. கோழி பாய்ந்து குத்தியது.

வந்தது சேவல்.

அது பின்னால் சாய்ந்து விழுந்தது. விழும்போது கால் பட்டு ஒரு முட்டை உடைந்தது. கோழி முள்ளைத் துப்பியது.

"நீங்களா? ஏன் குரல் குடுக்கல?"

சேவல் கண்ணை இறக்கையால் பொத்திக்கொண்டு கிடந்தது. அதன் முள் பக்கத்தில் விழுந்திருந்தது.

"வாயில முள் இருந்துச்சு" என்றது. பிறகு, "நீ ஏன் யாருன்னு கேக்கல?" என்று கேட்டது.

"என் வாயிலயும் முள்தான்."

"பதினஞ்சு அடி தூரத்துல என் நடையை வெச்சே கண்டுபிடிப்பேன்னு பெருமை அடிப்பியே."

"இப்ப எல்லாரும் திருடன் மாதிரி நடக்கறீங்க. எது யார் நடைன்னு எப்படித் தெரியும்? அந்த இறக்கையை எடுங்க. பாக்கறேன்."

ஒரு கண் போய்விட்டிருந்தது. கோழி அழத் தொடங்கியது. "விடு" என்றது சேவல். "இன்னொண்ணு இருக்கு. முட்டை எத்தனை இருக்கு, அதைப் பாரு."

ஆறு இருந்தது.

அந்த நேரம் புதருக்கு வெளியே நரியின் மூக்கு தெரிந்தது. "சத்தம் கேட்டுச்சு. யாராவது..." என்று இழுத்தது. சேவலைப் பார்த்தது. "அட, உயிர் இருக்கா?"

சந்தோஷமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலில் பந்திக்குத் தாமதமாக வந்தவனின் ஏமாற்றம் இருந்தது. கோழி நிமிர்ந்து நரியை முதல்முறையாக நன்றாகப் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்காரு" என்றது. "நீங்க போகலாம்."

நரி போன பிறகு கோழி இரண்டு முள்ளையும் அலகில் தூக்கிக்கொண்டு போய்க் குளத்துக்குள் போட்டது. "வெருகு வந்தா?" என்று கேட்டது சேவல். "வந்தா கத்துவேன்" என்றது கோழி.

அடைகாப்பவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கோழி பார்த்துக்கொண்டே இருந்தது. முள் வந்த பிறகு வெருகு கொன்றது ஒருவரை. முள் கொன்றது மூன்று பேரை. சேவலின் கண்ணும் ஒரு முட்டையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. கோடையில் எல்லோருடைய வயிறும் ஒட்டிக் கிடந்தது. நரிக்கு மட்டும் தொந்தி போட்டிருந்தது.

மறுநாள் நரி அந்தப் பக்கம் போனபோது கோழி கூப்பிட்டது.

"நரியண்ணே, ஊருக்கெல்லாம் முள் குடுத்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா?"

"எனக்கு எதுக்குக் கோழியக்கா? கிழட்டு உடம்பு. என்னை யாரு என்ன பண்ணப்போறாங்க?"

"உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருக்கே."

"அது வீக்கம்" என்றது நரி. "ஊர்க் கவலை."

கோழி முயலைக் கூப்பிட்டுத் தன் சந்தேகத்தைச் சொன்னது. முயல் நாலு பக்கமும் பார்த்து, முள்ளைக் காலடியில் அழுத்தி வைத்துக்கொண்டு அவசரமாகப் பேசியது: "நீங்க சொல்றது சரிதான் அக்கா. நானும் போட்டுடறேன். முதல்ல அந்த மயிலைப் போடச் சொல்லுங்க." கோழி மயிலைக் கேட்டது. "முயல் போடட்டும், அடுத்த நிமிஷம் நான் போடறேன்" என்றது மயில். ஆமை, "எல்லாரும் போட்டப்புறம் சொல்லியனுப்புங்க" என்றது. எல்லோருக்கும் முள் கெட்டது என்று தெரிந்திருந்தது. அவரவர் முள்ளைத் தவிர.

இருபத்தோராம் நாள் விடிந்தது. முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஓர் ஓட்டில் விரிசல் விட்டது. இனிக் கோழி நகர முடியாது. சூடு குறைந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே அடங்கிப்போகும்.

அன்றைக்குப் பார்த்துத்தான் முயல் மயிலின் தோகையை மிதித்தது.

குளம் அவ்வளவு சுருங்கியிருந்தது. மிதிக்காமல் யாரும் தண்ணீர் குடிக்க முடியாது. மயில் திரும்பியது. அதன் அலகில் முள். முயல் பின்வாங்கியது. அதன் வாயிலும் முள். இருவரும் ஒரு வார்த்தை இல்லாமல் ஒருவரை ஒருவர் சுற்றத் தொடங்கினார்கள். மற்றவர்கள் வாயில் முள்ளோடு வட்டமாக நின்று பார்த்தார்கள். சுற்றச் சுற்றச் சண்டை கரையேறியது. ஈச்சம்புதருக்கு ஐந்தடி தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் இருவரும் முட்டைகள் மேல்தான் உருள்வார்கள்.

கோழி நாலு பக்கமும் பார்த்தது. அப்போதுதான் அது தெரிந்தது. பத்தடி தள்ளி, ஒரு பாறை நிழலில், நரி உட்கார்ந்திருந்தது. இன்னும் யாரும் விழவில்லை. நரி மட்டும் வந்துவிட்டிருந்தது.

அங்கே வாய் சும்மா இருந்தது நரிக்கும் கோழிக்கும் சேவலுக்கும் முள்ளம்பன்றிக்கும் மட்டும்தான். முதலில் திறந்தது கோழியின் வாய்.

"மயிலண்ணே" என்றது சாவகாசமாக. "முயல் உங்க காலைப் பத்தி என்ன சொல்லிட்டுத் திரியறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

மயில் நின்றது. மயிலுக்கு மேனி எல்லாம் அழகு; கால் மட்டும் அப்படி இல்லை. அதற்கும் அது தெரியும். ஒரு கணம் பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை. முள்ளைக் கீழே போட்டது.

"என்ன சொன்னான்?"

முயலின் வாயிலிருந்தும் முள் விழுந்தது. "நான் ஒண்ணும் சொல்லலையே! உன் காலைப் பத்தி நான் ஏன் சொல்றேன்? சொல்றதா இருந்தா உன் குரலைப் பத்தி இல்ல சொல்லியிருப்பேன்?"

"என் குரலுக்கு என்னடா குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் குறைச்சாத்தான் தேவலை."

"தலைக்கு மேல ரெண்டு முறம் வெச்சிருக்கிறவன் காதுக்கு எல்லாம் அதிகமாத்தான் கேக்கும்."

வட்டத்தில் நின்ற ஆமை சிரித்துவிட்டது. சிரித்ததும் முள் விழுந்தது. அடுத்து கவுதாரி. பதினேழு நாளுக்குப் பிறகு அந்தக் கரையில் சிரிப்புக் கேட்டது. வாயில் எதையும் வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராக முள் உதிர்ந்தது.

"நல்லா இருக்கு, அப்புறம் தொடருங்க" என்றது கோழி. "இப்ப கொஞ்சம் அந்தப் பாறைப் பக்கம் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். நரி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

"நரியண்ணே, யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க? மயிலுக்கா, முயலுக்கா?"

"நானா? வழியோட போயிட்டிருந்தேன்."

"அந்தப் பாறைக்குப் பின்னால வழியே கிடையாதே" என்றது முயல். அது அந்தப் பக்கத்து வளைகளை எல்லாம் அறிந்தது.

ஆமை மெல்ல நடந்துபோய்ப் பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. திரும்பி வர அதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. "அடக்கம் எதுவும் நடக்கல" என்றது. "எலும்பெல்லாம் வெளியதான் கிடக்கு. நல்லா நக்கி வெச்சிருக்கான்."

சிரிப்பு நின்றது. கவுதாரி நரியைப் பார்க்கவில்லை. தன் முள்ளைப் பார்த்தது. அதில் காடையின் ரத்தம் காய்ந்திருந்தது.

"நான் யாரையாவது குத்தினேனா?" என்றது நரி. "ஒரு சிராய்ப்பு? சொல்லுங்க. குத்தினதெல்லாம் நீங்க. நான் குடுத்தேன், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றது கோழி. "அதுக்கு மேல உங்களுக்கு வேலையே இல்லையே."

கவுதாரி நிமிர்ந்தது. "எல்லாம் சரி. வெருகு நாளைக்கு வரும். நான் முள்ளைப் போட்டுட்டு என்ன பண்றது? என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது நரி இல்ல, வெருகு."

நியாயமான கேள்வி. கோழி அதற்குச் சற்று யோசித்துத்தான் பதில் சொன்னது.

"அணிலைப் பிடிக்க வெருகு வந்தப்ப எத்தனை பேர் பார்த்தீங்க?"

"நான் பார்த்தேன்" என்றது முயல். "நானும்" என்றது மயில். ஆமையும் பார்த்திருந்தது.

"கத்தினது யாரு?"

மயில் தன் காலடியில் கிடந்த முள்ளைப் பார்த்தது.

"மயிலண்ணன் ஒரு தடவை கூவினா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். அணில் மரத்துல ஏறியிருக்கும். வாயில முள் இருந்ததால நாம யாரும் வெருகைக் குத்தவும் இல்ல, கத்தவும் இல்ல. இத்தனை முள் இருக்கே, ஆளுக்கொண்ணா எதுக்கு? வெருகு வர்றது மூங்கில் இடுக்கு வழியாத்தான். எல்லாத்தையும் அங்க கொண்டுபோய், வெளிப்பக்கம் பார்த்து நட்டுவைப்போம். யாரு வீட்டுலயும் வேண்டாம்."

"நடற வேலையை நான் பார்த்துக்கறேன்" என்றது முள்ளம்பன்றி. "எனக்குக் கை கூசாது."

முயலும் மயிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருடைய முள்ளும் ஏற்கெனவே தரையில்தான் கிடந்தது. யார் முதலில் போடுவது என்ற கேள்வியே இப்போது இல்லை.

அன்று மாலைக்குள் இடுக்கு முழுவதும் முள்வேலி ஆயிற்று. அதற்கு மூன்றாம் நாள் வெருகு வந்தது. மயில் கூவியது. கரை ஒரு நொடியில் காலியானது. வெருகு வேலியில் மூக்கைக் குத்திக்கொண்டு, தும்மிக்கொண்டே திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கோடையில் வெருகு யாரையுமே பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வேறு பக்கமாகச் சுற்றி வந்து ஒரு தவளையைப் பிடித்தது. ஆனால் கரையில் இருந்தவர்கள் ஒருவர் கையால் ஒருவர் சாகவில்லை.

ஆறு முட்டையும் பொரிந்தன. சேவல் ஒற்றைக் கண்ணால் ஒவ்வொரு குஞ்சாக எண்ணியது. ஒன்று குறைகிறது என்று அதற்குத் தெரியும். குஞ்சுகள் பசிக்குக் கத்தின. கோழி அவற்றை அதட்டவில்லை.

நரி பத்து நாளில் பழையபடி மெலிந்தது. பிறகு ஒரு காலையில் மலையைத் தாண்டி அடுத்த குளத்தைப் பார்த்துப் புறப்பட்டது. முள்ளம்பன்றியின் வளை வாசலில் புதிதாக உதிர்ந்தவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனது. தனக்கென்று ஒரு முள்கூட வைத்துக்கொள்ளாத அந்தக் கிழவன் வாயில் அன்றைக்கு ஒரு கட்டு முள் இருந்தது.

பகைவனுக்குப் பயந்து ஆளாளுக்கு ஆயுதம் ஏந்தும் ஊரில், பகைவனால் சாகிறவர்களைவிடப் பக்கத்தில் இருப்பவனால் சாகிறவர்களே அதிகம். அங்கே கொழுப்பவன் ஆயுதம் கொடுத்தவன் ஒருவனே.